எழுபத்தோராம் நம்பர் ஏணி

மாரிசெல்வத்தை எரிச்சு மூணு நாள்கூட ஆகலை, அதுக்குள்ள ஊரு தீர்ப்பை எழுதி மடிச்சு வச்சிருச்சு. குடிச்சுப்போட்டு ஏணியில ஏறுனான், விழுந்தான், செத்தான். யாரு பாத்தது? ஒருத்தரும் பாக்கலை. பாக்காதவனுக்குத்தான் வாய் நீளம். கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம் மிளகுத் தோட்டத்துல சூப்பர்வைசர் ஒருத்தன், “ஆளு மேல வாடை அடிச்சது”ன்னு ஒரு வார்த்தை விட்டான். அந்த வார்த்தை ஜீப்புல ஏறி, மலை எறங்கி, கம்பத்துல டீ குடிச்சிட்டு, பொணத்துக்கு முந்தி சுருளிப்பட்டிக்கு வந்து சேந்திருச்சு.

செத்தவனுக்கு முப்பத்தோரு வயசு. பொண்டாட்டி பவானி, ரெண்டு வயசுல ஒரு பொம்பளப்புள்ள. அந்தப் புள்ள பொறந்த அன்னைக்கு ஆசுபத்திரி வாசல்ல வச்சுக் குடியை விட்டவன் அவன். விட்டது விட்டதுதான். இது பவானிக்குத் தெரியும், அவன் அக்கா நாகஜோதிக்குத் தெரியும். ரெண்டு பொம்பளைக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? ஊரு வாயை மூட உலை மூடி இல்லையே.

நாகஜோதிக்கு அந்த மூணு நாளும் சோறு எறங்கலை. தம்பி போன துக்கம் ஒரு பக்கம். அவன் ஏறுன ஏணி அவ வேலை பாக்குற கம்பெனி ஏணிங்கிறது இன்னொரு பக்கம். அதுல இருந்த நாரு அவ காயவச்ச நாரு. ஏணியில குத்தம்னா அது என்ன குத்தம்னு தெரியணும். தம்பி மேல குத்தம்னா அதுவும் தெரியணும். இதே மாதிரி ஏணி நூத்துக்கு மேல மலையில கொடிக்குக் கொடி சாஞ்சு நிக்குது. இது தை மாசம், மிளகு பறிக்கிற காலம். ஒவ்வொரு ஏணியிலயும் தெனமும் யாரோ பெத்த புள்ள ஏறுது.

அந்தக் கம்பெனியோட கதையைச் சொல்லணும்னா நாகஜோதி புருசன் செத்ததுலருந்து சொல்லணும். பட்ட காலிலே படும்னு சும்மாவா சொன்னாக. நாலு வருசத்துக்கு முந்தி அவ புருசன் அழகுமலை செத்ததும் ஏணியாலதான். அது அலுமினிய ஏணி. ஒரு மிளகுக் கொடியைப் பறிச்சு முடிச்சிட்டு அடுத்த கொடிக்கு ஏணியை நட்டக்குத்தலா நிமித்துனபடி தூக்கிட்டு நடந்திருக்காரு. மேல போன கரண்டுக் கம்பியில நுனி பட்டிருச்சு. அம்புட்டுதான். ஏணியை விட்டுக் கையைப் பிரிக்க முடியலைன்னு கூடப்போனவுக சொன்னாக.

அதைக் கேட்டுத்தான் சுருளிராஜன் ஊருக்கு வந்தான். அதே தெருக்காரன், இன்ஜினியரு, கோயமுத்தூர்ல நல்ல சம்பளத்துல இருந்தவன். கரண்டு ஏறாத ஏணி செய்யப்போறேன்னான். நம்ம பள்ளத்தாக்குல வாழைக்கா பஞ்சம்? தார் வெட்டுனதும் மரத்தைச் சாச்சு அழுக விடுவாக. அந்த மரத்துல நார் எடுத்து, மெத்தை மாதிரி விரிப்பாக்கி, அதுக்கு மேலயும் கீழயும் ஒரு கறுத்த துணியை வச்சு, பிசினை ஊத்தி, சூட்டுல அழுத்தி எடுப்பான். அந்தத் துணி பருத்தியில்ல, கருங்கல்லை உருக்கி நூலா இழுத்து நெய்தது. எங்கிருந்தோ ரோல் ரோலா லாரியில வரும். கம்பெனிப் பொம்பளைக அதுக்குக் கல்லுத்துணின்னு பேரு வச்சாக. “கல்லு வளையாது அக்கா, ஆனா திடீர்னு ஒடஞ்சிரும். நாரு வளையும், ஆனா பாரம் தாங்காது. ரெண்டையும் பிசின் புடிச்சுச் சேத்து வச்சா ஒண்ணோட கொறையை இன்னொண்ணு மூடும்”னு சுருளிராஜன் சொன்னப்ப, “நல்ல சம்பந்தம் மாதிரின்னு சொல்லு”ன்னு சிரிச்சா நாகஜோதி. புருசன் செத்து அவ சிரிச்சது அன்னைக்குத்தான்.

அவளை அவன் நார் ரூமுக்குப் பொறுப்பா வச்சான். ஏன்னா அவ இருவது வருசம் பூக்கட்டுனவ. நாரைத் தொட்டாலே அது எந்த மட்டையில எடுத்ததுன்னு சொல்லுவா. அவளும் அதை வேலையாப் பாக்கலை, வேண்டுதலாத்தான் பாத்தா. இன்னொருத்தி தாலி இப்படிப் போகக்கூடாதுன்னு ஒவ்வொரு நாராத் தடவி, சிக்கெடுத்து, கசடு கிள்ளி வெயில்ல காயப்போடுவா. சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சுருளிராஜன் வந்து ஈரம் பாக்குற மீட்டரைக் குத்திப் பாப்பான். “சுக்காக் காஞ்சிருக்கு”ன்னுட்டுப் போவான். நாரு ரூமுக்குள்ள போகும். காலையில அச்சுல ஏறும்.

அஞ்சு மணிக்கும் காலைக்கும் நடுவுல ஒண்ணு நடந்தது. அதை அவ மறைச்சுச் செய்யலை, ஒரு பெரிய காரியம்னு நினைச்சும் செய்யலை. அவன் போனதும் ஒரு செம்புத் தண்ணியை எடுத்து, விரல் நுனியால நார்மேல தெளிச்சு, ஈரச்சாக்கைப் போட்டு மூடிட்டு வீட்டுக்குப் போவா. பூக்கட்டுறவ எவளைக் கேட்டாலும் சொல்லுவா. நாரைக் காயவைக்கிறது எடுத்து வைக்க, இல்லாட்டிப் பூசணம் புடிக்கும். கட்டுறதுக்கு முந்தி தண்ணி தெளிச்சு மூடி வைக்கணும், இல்லாட்டிப் படக்குனு அந்துபோகும். காஞ்ச நாரு முறியும், நனைஞ்ச நாரு நிக்கும். இது இங்கன அஞ்சு வயசுப் புள்ளைக்கும் தெரியும். காலையில தண்ணியெல்லாம் உள்ள இழுத்துக்கிட்டு நாரு பட்டு மாதிரி கெடக்கும். “அக்கா கை பட்ட நாரு சொன்ன பேச்சுக் கேக்குது”ன்னு அச்சுல விரிக்கிற பொம்பளைக சொல்லுவாக. யாரும் கேக்கலை, அவளும் சொல்லலை. சோத்துக்கு உப்புப் போட்டேன்னு யாராச்சும் ஊருக்குச் சொல்லிக்கிட்டா இருப்பாக?

தம்பி மாரிசெல்வம் அது வரைக்கும் மூங்கில் ஏணியிலதான் ஏறிக்கிட்டிருந்தான். பழைய ஏணி, கனமான ஏணி. “நல்லாத்தான இருக்கு, விடு அக்கா”ன்னான். அவ விடலை. கம்பெனியில கேட்டு எழுபத்தோராம் நம்பர் ஏணியை வாங்கி அவன் வீட்டுச் செவுத்துல சாத்துனா. அப்படியும் அவன் மூங்கிலையே தூக்கிட்டுப் போனான். ஒரு ஞாயித்துக்கிழமை அவன் கறி வாங்கப் போன நேரம், மூங்கில் ஏணியை அருவாளால துண்டு துண்டா வெட்டி வெந்நீர் அடுப்புல வச்சுட்டா. வந்து பாத்து ஒரு சத்தம் போட்டான். அப்பறம் சிரிச்சிட்டான். “இனி உன் ஏணிதான் எனக்கு மோட்சம்”னான். விளையாட்டாச் சொன்னதுதான். அந்த வார்த்தை இப்ப அவ நெஞ்சுல ஏறி உக்காந்திருக்கு.

அஞ்சாம் நாள், தேனியில இருக்கிற ஒரு சோதனைக் கூடத்துக்குச் சுருளிராஜன் ரெண்டா முறிஞ்ச அந்த ஏணியைக் கொண்டுபோனான். மேல்துண்டைப் போலீஸ் எடுத்துக்கிச்சு, கீழ்த்துண்டு அவன்கிட்ட இருந்தது. கம்பெனியில விக்காமக் கெடந்த ஆறு ஏணியையும் வேன்ல ஏத்துனான். நாகஜோதி நானும் வருவேன்னு முன்சீட்டுல ஏறி உக்காந்துட்டா. துக்க வீட்டுக்காரியை எறங்குன்னு சொல்ல அவனுக்கு வாய் வரலை.

சோதனைக் கூடத்துல ஜெஸ்லின்னு ஒரு பொண்ணு இருந்தா. கம்பெனி தொடங்குறப்ப சர்டிபிகேட்டுக்குப் பலகைத் துண்டைச் சோதிச்சுக் குடுத்ததும் அவதான். ஏழு ஏணியிலருந்தும் சாண் நீளத்துக்குப் பட்டை பட்டையா அறுத்தா. ஒரு மெஷின்ல ரெண்டு பக்கமும் கடிச்சுப் புடிச்சு இழுத்தா. இன்னொண்ணுல ரெண்டு முட்டு மேல வச்சு நடுவுல அழுத்துனா. கம்ப்யூட்டர்ல ஒரு கோடு மேல ஏறும், பட்டை டப்புனு போனதும் விழுகும். எம்புட்டு ஒசரம் ஏறுதோ அம்புட்டுப் பலம். நாகஜோதிக்கு அது புரிஞ்சது.

பன்னெண்டாம் நம்பர் ஏணி, கோடு பாதிகூட ஏறலை. எழுபத்தொண்ணு, பாதிகூட ஏறலை. எண்பத்தொம்பது, அதே கதி. தொண்ணூத்தாறும் அப்படித்தான். முப்பத்தெட்டாம் நம்பரைப் போட்டப்ப கோடு ஏறுச்சு, ஏறுச்சு, ஏறிக்கிட்டே போச்சு. நாப்பத்தொண்ணும் அப்படி. நாப்பத்தேழும் அப்படி.

“இந்த மூணும் நான் முதல்ல குடுத்த சர்டிபிகேட் மாதிரியே இருக்கு சார். மத்ததெல்லாம் வேற யாரோ செஞ்ச ஏணி மாதிரி இருக்கு”ன்னா ஜெஸ்லின்.

சுருளிராஜன் ஒவ்வொரு ஏணியிலயும் ஒட்டுன தேதியைப் பாத்தான். “முப்பத்தெட்டுலருந்து அம்பத்திரண்டு வரைக்கும் புரட்டாசியில செஞ்சது. அப்ப அடைமழை மேடம். வெயிலே இல்லாம நாரைச் சூட்டுப் பெட்டியில வச்சுக் காயவச்சு, அவசர அவசரமாச் செஞ்சது. மழையில செஞ்சது நிக்குது, வெயில்ல செஞ்சது முறியுதா? பிசின் ஒரே பிசின். துணி ஒரே துணி. ஆளும் அதே ஆளுக.”

ஜெஸ்லின் முறிஞ்ச ரெண்டு பட்டையை எடுத்து வெளிச்சத்துல காட்டுனா. “இங்கன பாருங்க. இது நல்ல பட்டை. நாரும் பிசினும் சேந்தே அந்திருக்கு. இது உங்க எழுபத்தொண்ணு. நாரு அறுபடவே இல்ல, முழுசா உருவிக்கிட்டு வந்திருக்கு. சீப்புலருந்து முடியை உருவுன மாதிரி. பிசின் நாரைப் புடிக்கவே இல்ல. உள்ள ஊசி ஊசியா ஓட்டை வேற. சூட்டுல ஆவி கெளம்பி விட்ட ஓட்டை.” அவ நிமிந்து பாத்தா. “நாருல தண்ணி இருந்திருக்கு சார்.”

“வாய்ப்பே இல்ல. தெனமும் நானே மீட்டர் வச்சுப் பாத்துத்தான் ரூமுக்குள்ள விடுறேன். வேணா அக்காவைக் கேளுங்க.”

ரெண்டு பேரும் நாகஜோதியைப் பாத்தாக. அவ மேசையில கெடந்த முப்பத்தெட்டாம் நம்பர் தேதியையே பாத்துக்கிட்டு நின்னா. புரட்டாசி. அவ ஆத்தா மூக்கம்மாள் செத்தது புரட்டாசியில. பதினாறு நாளு அவ கம்பெனிக்குப் போகலை. அந்தப் பதினாறு நாளு நாருக்குத் தண்ணி தெளிக்க ஆளில்லை.

“காஞ்சுதான் இருந்துச்சு”ன்னா. அவ சொன்னது பொய்யும் இல்லை. அஞ்சு மணிக்குக் காஞ்சுதான் இருந்துச்சு.

வேன் தேனியை விட்டு வெளிய வந்துச்சு. வீரபாண்டியைத் தாண்டுச்சு. ரோட்டோரமெல்லாம் வாழை, தார் வெட்டிச் சாச்ச மரம் தலைகீழாக் கெடந்தது. நாகஜோதி மடியில கை ரெண்டும் கெடந்தது. அந்தக் கையை எங்க வைக்கிறதுன்னு அவளுக்குத் தெரியலை.

சின்னமனூர் நெருங்குறப்ப சுருளிராஜன் பேசுனான். “அக்கா, காரணமும் புடிபடலை. இத்தனை ஏணியில ஒண்ணுதான் முறிஞ்சிருக்கு. சீசன் முடிய இன்னும் ஆறு வாரம். அதுக்கப்பறம் சத்தமில்லாம எல்லாத்தையும் திருப்பி வாங்கிருவோம். அது வரைக்கும்…” இழுத்தான். “சூப்பர்வைசர் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். கம்பெனி நின்னுச்சுன்னா இருவத்தேழு குடும்பம் தெருவுக்கு வரும். மாரிசெல்வம் திரும்பியா வரப்போறான்?”

கெட்டவன் இல்லை அவன். பயந்தவன். பயந்தவன் செய்யிற அளவுக்குக் கெட்டவன்கூடச் செய்யமாட்டான்.

நாகஜோதிக்கு ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம், அது இனிச்சது. வாயை மூடிக்கிட்டாப் போதும். தம்பி குடிகாரனாப் போவான், அவ தம்பியைப் பறிகொடுத்த அக்காவா ஊருல நிப்பா. யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அந்தப் பொண்ணு ஜெஸ்லினுக்கே தெரியலை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு ஆயிரம் பேரு வாழலையா? அப்பறம் அவளுக்கு மலை ஞாபகம் வந்துச்சு. கொடியில சாஞ்சு நிக்கிற ஏணிக. ஒவ்வொண்ணுக்குள்ளயும் அவ விரல் தெளிச்ச தண்ணி.

“வண்டியை நிறுத்து தம்பி.”

ஓரங்கட்டுனான். வாந்தி வருதோன்னு நினைச்சு தண்ணிப் பாட்டிலை எடுத்து நீட்டுனான். அந்தப் பாட்டிலைப் பாத்துக்கிட்டே சொன்னா, “தண்ணி தெளிச்சது நான்தான்.”

அவனுக்கு ஒண்ணும் ஏறலை. திரும்பச் சொன்னா. மீட்டர் வச்சுட்டு நீ போனதுக்கப்பறம், தெனமும், ஆத்தா செத்த பதினாறு நாளைத் தவிர. அவன் ஸ்டியரிங்ல நெத்தியை வச்சு அப்படியே கெடந்தான். “ஏன் அக்கா?”ன்னான்.

“முறியக்கூடாதுன்னுதான்.”

அவன் அழுதான். திட்டுனான். அப்பறம் கண்ணைத் தொடச்சுட்டு, “இதை வெளிய சொல்லிராதீங்க, போலீஸு உங்களைத்தான் தூக்கும்”னான். அவளைக் காப்பாத்தச் சொன்னானா, கம்பெனியைக் காப்பாத்தச் சொன்னானா, அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

சாயங்காலம் நேரா பவானிகிட்டப் போனா. பவானி மூலையில பாயில சுருண்டு கெடந்தா. புள்ள பக்கத்துல தூங்குச்சு. ஆறு வருசத்துக்கு முந்தி அந்தக் கழுத்துல மாரிசெல்வம் முதல் முடிச்சைப் போட, நாத்தனாரா நின்னு மிச்ச ரெண்டு முடிச்சையும் இறுக்கிப் போட்டவ நாகஜோதி. அந்த மஞ்சக்கயிறு இன்னும் கழுத்துல இருந்தது. பதினாறாம் நாள்தான் எடுப்பாக. அது வரைக்கும் புருசன் செத்தவ வாசப்படி தாண்டக்கூடாது, காரியமாப் போறவுக கண்ணுல படக்கூடாது. அப்படி ஒரு சட்டம், எந்த மகராசன் போட்டானோ.

நாகஜோதி ஒண்ணு விடாமச் சொன்னா. மூங்கில் ஏணியை வெட்டுனது, தண்ணி தெளிச்சது, தேனியில கோடு ஏறாமப் போனது, விடிஞ்சதும் கம்பத்துல ஜீப்புக்காரவுககிட்டப் போயிச் சொல்லப்போறது. தலையில அடிச்சுக்கிட்டோ கால்ல விழுந்தோ சொல்லலை. அதுக்குக்கூட தனக்கு யோக்யதை இல்லைன்னு நினைச்சா. பவானி கேட்டா. கேட்டு முடிச்சு, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. நாகஜோதி கதவைச் சாத்திட்டு வந்துட்டா.

மறுநாள் விடிய, கம்பத்துல மலைக்குப் போற ஜீப்புக நிக்கிற எடத்துக்குப் போனா. பதினாலு ஜீப்பு நின்னுச்சு. பொம்பளைக தூக்குவாளியும் கையுமா ஏறி அடைஞ்சுக்கிட்டிருந்தாக. ஆறேழு ஜீப்பு மேல அவளோட ஏணிக, கறுப்பா, கயித்துல வரிஞ்சு கட்டி. நாகஜோதி முன்னால போயி நின்னு சத்தம் போட்டுச் சொன்னா. இந்த ஏணியில ஏறாதீக, உள்ள பலமில்ல, என் தம்பி அதுலதான் செத்தான், எறக்கி வச்சிட்டுப் போங்க.

ஈஸ்வரபாண்டின்னு ஒரு டிரைவரு, பள்ளத்தாக்குல அவனுக்குத் தெரியாத சேதி கெடையாது. “ஏ அக்கா, உன் தம்பி தண்ணியைப் போட்டுட்டு ஏறுனான்னு மலையெல்லாம் பேச்சு. ஏணி மேல ஏன் பழியைப் போடுற?”

“அவன் குடிக்கலை. நாருல நான் தண்ணி தெளிச்சேன். அதான் பிசின் புடிக்கலை.”

ஜீப்புக்குள்ளருந்து ஒரு பொம்பள தலையை நீட்டுனா. சீலையம்பட்டிச் சந்தைக்குப் பூக்கட்டிக் குடுத்தவ, நாகஜோதிக்குப் பழக்கமானவதான். “என்னடி ஒளர்ற? தண்ணி தெளிச்சா நாரு வலுக்கும்ல? காஞ்ச நாருதான முறியும்? துக்கத்துல உனக்குப் புத்தி பெரண்டுபோச்சு, வீட்டுக்குப் போ தாயி.”

எல்லாரும் தலையை ஆட்டுனாக. ஆமாமா, நனைஞ்ச நாருதான நிக்கும். பாவம், புருசனும் ஏணியில, தம்பியும் ஏணியில, அதான் பொம்பளைக்குக் கலங்கிருச்சு. நாகஜோதிக்கு என்ன தெரியுமோ அதுதான அவுகளுக்கும் தெரியும்? ஒரு வாரத்துக்கு முந்தி அவகிட்ட எவளாச்சும் வந்து சொல்லியிருந்தா, அவளும் இதைத்தான சொல்லி அனுப்பியிருப்பா? பிசின்னும் ஆவின்னும் கோடுன்னும் என்னென்னமோ சொல்லிப் பாத்தா. ஈஸ்வரபாண்டி வண்டியைக் கெளப்புனான். அவ ஓடிப்போயி முன்னால மறிச்சா. ரெண்டு ஆம்பளைக எறங்கி, நோகாம, மரியாதையாத்தான், அவ கையைப் புடிச்சு ஓரமா நிறுத்துனாக.

அப்பத்தான் ஒரு ஆட்டோ வந்து நின்னுச்சு. பவானி எறங்குனா.

சீவாத தலை, அஞ்சாறு நாளா மாத்தாத சேலை, கழுத்துல மஞ்சக்கயிறு. பதினாறு கழியாத முண்டச்சி, விடியக்காலம், மலையேறப் போற ஜீப்புக்கு எதுத்தாப்புல. முன்சீட்டுல இருந்த ஆளு மொகத்தைப் பொத்திக்கிட்டான். ஒரு பொம்பள, “ஆத்தா மாரியாத்தா”ன்னு கத்துனா. ஈஸ்வரபாண்டி இஞ்சினை நிறுத்திட்டான்.

பவானி யாரையும் பாக்கலை. முதல் ஜீப்பு படியில கால் வச்சு ஏறி, மேல கெடந்த ஏணியில உள்ளங்கையை வச்சு அழுத்துனா. எறங்குனா. அடுத்த ஜீப்பு. அதுலயும் வச்சா.

“ஏ ஆத்தா, வேணாம்மா, தொடாத தாயி”ன்னு ஈஸ்வரபாண்டி கெஞ்சுனான். தொட்டதும், “எறக்குங்கடா, அவுத்துவிடுங்கடா, இந்தச் சனியன் வண்டியில இருக்கக்கூடாது”ன்னு அவனே கயித்தை அறுத்தான். ஒவ்வொரு ஜீப்புலயும் கயிறு அந்துச்சு. ஏணிக ரோட்டுல விழுந்துச்சு. சொல்லிக் கேக்கலை, கெஞ்சிக் கேக்கலை, மறிச்சுக் கேக்கலை. ஒரு பொம்பளையோட பொல்லாத நேரத்துக்குப் பயந்து கேட்டாக. தூ! அதுவாச்சும் உசுரைக் காப்பாத்துச்சே, வேற என்ன சொல்ல? மத்தியானத்துக்குள்ள செய்தி தேவாரம் ஊரு வரைக்கும் போயிருச்சு. கம்பம்மெட்டுல, வண்டன்மேட்டுல, தோட்டந்தோட்டமா அந்தக் கறுப்பு ஏணியைத் தூக்கிக் கெடாசுனாக. ஒருத்தனும் அதுல திரும்ப ஏறலை. சுருளிராஜன் கம்பெனிக்கு அந்த வாரமே பூட்டு விழுந்துச்சு.

கடைசி ஏணியையும் தொட்டுட்டு பவானி நாகஜோதி முன்னால வந்து நின்னா.

“மதினி, ஏணிக்காகத்தான் வந்தேன். உங்களுக்காக வரலை.”

நாகஜோதி தலையை ஆட்டுனா.

“இத்தனை பேரு நிக்கிறாக. இப்பச் சொல்லுங்க, அவரு குடிக்கலைன்னு.”

நாகஜோதி சொன்னா. என் தம்பி குடிக்கலை, நான்தான் அவனைக் கொன்னேன்னு, தொண்டை கிழியச் சொன்னா. இந்தத் தடவை யாரும் புத்தி பெரண்டுபோச்சுன்னு சொல்லலை. எல்லாரும் ரோட்டுல கெடந்த ஏணியைப் பாத்துக்கிட்டு நின்னாக.

ஆட்டோவுல ஏறப்போன பவானி திரும்புனா. “பதினாறு அன்னைக்கு நீங்கதான் வரணும் மதினி. முடிச்சுப் போட்ட கைதான் அவுக்கணும். வேற எவளும் என் கழுத்தைத் தொடக்கூடாது. அறுக்கவும் கூடாது.”

போனா. போகாம இருக்க முடியுமா? பதினாறாம் நாள் பவானியைத் தலைக்கு ஊத்தி, ஈரச்சேலையோட நடுவீட்டுல உக்கார வச்சிருந்தாக. சொந்தக்காரப் பொம்பளைக சுத்தி நின்னு ஒப்பாரி வச்சாக. பவானி மட்டும் அழலை. கழுத்தைக் குனிஞ்சு குடுத்தா. நாகஜோதி பின்னால உக்காந்து முடிச்சைத் தேடிப் புடிச்சா. இருவது வருசம் பூக்கட்டுன விரல், கண்ணை மூடிக்கிட்டு எந்தச் சிக்கையும் பிரிக்கும். ஆனா ஊத்துன தண்ணியில மஞ்சக்கயிறு ஊறி இறுகிக் கெடந்தது. நகத்தை விட்டுப் பாத்தா, பல்லால கடிச்சுப் பாத்தா. தம்பி போட்ட முடிச்சு அடியில மாட்டிக் கெடந்தது. அதுக்கு மேல அவ போட்ட ரெண்டும் அசையலை. யாரோ ஒருத்தி அருவாமனையை எடுத்து நீட்டுனா. பவானி குனிஞ்ச தலை நிமிராம, “அவுக்கட்டும், நான் உக்காந்திருக்கேன்”னா.

கயிறு காயிற வரைக்கும் ரெண்டு பேரும் அப்படியே உக்காந்திருந்தாக.